மிச்ச ஊல் சந்தைப் பை: படுவான்கரையை முன்வைத்து ஓர் அடுக்காய்வு

மட்டக்களப்பு வாவிக்கு ஆராய்ச்சி புதிதல்ல. தண்ணீருக்கடியில் பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தீராமல் கிடக்கிறது. 1950களில் இயேசுசபைத் துறவி ஒருவர் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவே எடுத்தார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் பறங்கியர் முன்னால் கல் நந்தி புல் தின்ற கதையை ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எஃப். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மிய'த்தை 1962 இல் பதிப்பித்தார், வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வந்தது. இத்தனை பேர் இவ்வளவு தோண்டியும் சந்தைப் பைக்கென்று ஓர் இயல் ஒதுக்கவில்லை. அவர்கள் எல்லோரும் சந்தைக்கு வெறுங்கையோடா போனார்கள்?

பை என்பது யாதெனின், வெறிதாய்ப் போய் நிறைந்து மீள்வது. அற்றேல் வயிறும் பையாமோ எனின், ஆம். ஆயின் அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மிச்ச ஊல் பை என்பது, வேறொன்றைப் பின்ன வாங்கி மிஞ்சிப்போன நூல் துண்டுகளை ஒற்றைக் கொழுக்கி ஊசியால் கண்ணி கண்ணியாக இழுத்து ஆக்குவது. இதைக் குரோசே என்பர். 'ஊல்' என்று வாய் சொன்னாலும் செம்மறி ஆட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கடையில் வாங்கும் பந்துகளில் அநேகமானவை அக்ரிலிக், அதாவது பெற்றோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக் இழை. பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பிளாஸ்டிக்கால் பின்னுகிறோம் என்ற இந்த முரணை, ஆய்வுக்குப் பை தந்துதவிய பெரியம்மாவிடம் இன்னும் எடுத்துச் சொல்லவில்லை. பை தேவைப்படுகிறது.

ஒரே ஒரு பையை வைத்துக்கொண்டு பொது முடிவுக்கு வரலாமா என்பாரும் உளர். பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க ஒரு சோறு போதும் என்று ஏற்றுக்கொண்ட சமூகம் இது. மேலே போவோம்.

பையின் அடி வட்டமானது. நடுவில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, பிறகு இருபத்துநான்கு. சுற்றுக்கு ஆறு கூடிக்கொண்டே போகும். ஏன் ஆறு, ஐந்தோ எட்டோ ஆகாதா? குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆரை ஒரு கண்ணியளவு நீண்டால், பரிதி அதைப் போல 6.28 மடங்கு நீள வேண்டும் என்பது ஆறாம் வகுப்பைக் கடந்தவர் எவருக்கும் எட்டும் கணக்கு. ஆறைக் கண்ணி பார்த்துக்கொள்ளும், மிச்சமுள்ள காலை நூலின் நெகிழ்ச்சி விழுங்கிவிடும். பெரியம்மாவுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. "ஆறு கூட்டினாக் காணும் மனே, கூடக் கூட்டினா நெளியும், குறைச்சுக் கூட்டினாக் கிண்ணமாகும்" என்பது அவர் சொன்ன தேற்றமும் நிறுவலும்.

நெளிவதில் ஒரு சங்கதி இருக்கிறது. பேத்தி ஒருத்தி ஆர்வ மிகுதியால் சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கூட்டிக்கொண்டு போக, அடி தட்டையாக இராமல் சேவற்கொண்டையாக எழுந்து நின்றது. வீட்டில் திட்டு விழுந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமினா என்ற கணிதவியலாளர் 1997 இல் இதே காரியத்தை வேண்டுமென்றே செய்தார். கணக்குப் புத்தகத்தில் மட்டும் வசித்துவந்த அதிபரவளைவுத் தளத்தைக் கையால் தொட்டு மடித்துப் பார்க்கும்படி கொழுக்கி ஊசியால் பின்னிக் கொடுத்தார். அதற்குமுன் மாணவர்கள் கிழியும் கடதாசி மாதிரிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது கணிதமானது. இங்கே அது சோற்றுப்பானை இறக்கும் பிடிதுணியாக அடுப்படியில் பணி செய்கிறது.

இனி அடுக்குகள். மண்ணடுக்கில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்று 1669 இல் நிக்கலஸ் ஸ்டெனோ எழுதிவைத்தார். மிச்ச ஊல் பைக்கும் இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் பெரியம்மா நிறம் பார்த்துப் பின்னுவதில்லை. பெட்டியில் எது கைக்கு வந்ததோ அது, அது முடிந்தால் அடுத்தது. அடியில் உள்ள வெளிர் மஞ்சள், குடும்பத்தில் ஒரு குழந்தைக்குப் பின்னிய தொப்பியின் எச்சம். சித்திரை வெயிலில் பிறந்த பிள்ளைக்கு ஊல் தொப்பி எதற்கு என்ற கேள்விக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதன்மேல் அரக்குச் சிவப்பு: பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சிக் காலம். மூன்றாவது அடுக்கான வெள்ளையே காலக்கணிப்புக்கு மிக முக்கியமானது. அது தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் போடப் பின்னிய விரிப்பிலிருந்து மிஞ்சியது. தட்டைத் தொலைக்காட்சி வந்தபின் விரிப்புப் போடத் தலையே இல்லாமல் போனது. ஆகவே வெள்ளை அடுக்கு அந்த வரவுக்கு முந்தியது என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவலாம். நான்காவதாக ஒரு விரற்கடை அகலத்துக்குப் பச்சை நைலோன். இது ஊலே அல்ல, வலை நூல். வீட்டுக்குள் இது எப்படி வந்தது என்று பெரியப்பா பலமுறை கேட்டிருக்கிறார். அவருடைய வீச்சுவலையில் பொத்துப்போன இடம் ஒன்று இன்றுவரை பொத்தாமல் கிடக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். ஐந்தாம் அடுக்கு முதல் கலவை. பண்பாட்டுக் குழப்பம் நிறைந்த காலம்.

வலையைப் பற்றிப் பேச்சு வந்ததால் மூதாதையர் பிரச்சினையையும் முடித்துவிடலாம். பை வலையிலிருந்து பிறந்தது என்று பெரியப்பா வாதிடுவார். பொருந்தாது. வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு முடிச்சு. நண்டு ஒரு கண்ணை வெட்டினாலும் அடுத்த கண் நிற்கும். குரோசேயில் முடிச்சில்லை, முழுப் பையும் ஒரே நூலோட்டம். கடைசி நுனியை அவிழ்த்து இழுத்தால் சந்தையில் நிற்கும்போதே கையில் பந்துதான் மிஞ்சும். ஆனால் அதனாலேயே அலுத்த பையை உருவி இன்னொன்றாகப் பின்னவும் முடியும். வலையில் அது நடக்காது. உண்மையான முப்பாட்டன் அடுப்படி உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிர் முட்டியைத் தாங்கி வளையில் தொங்கிய கயிற்றுப் பின்னல். குளிர்சாதனப் பெட்டி வந்ததும் வேலை இழந்த உறி, கைப்பிடி முளைத்து வீதிக்கு இறங்கியிருக்கிறது என்பது என் துணிபு. இழுபடும் குணம் மட்டும் உறியில் இல்லை.

இழுபடுவதைச் சொல்லத்தான் வேண்டும். பாரம் கூடும் அளவுக்கே நீட்சியும் கூடும் என்று றொபேட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விதியைக் குரோசேப் பை மதிப்பதில்லை. முதலில் கண்ணிகள் நேராகும்வரை சிறு பாரத்துக்கே தாராளமாக இறங்கும். அதன்பிறகு நூலே இறுகிப் பிடிவாதமாக நிற்கும். அந்தத் தாராளத்துக்குள்தான் சைக்கிள் சில்லு இருக்கிறது. ஹாண்டிலில் கொழுவிய பை, இரண்டு தேங்காயும் ஒரு பூசணித் துண்டும் ஏறியவுடன் முன்சில்லுக் கம்பியைத் தேடிப் போகும். பரிகாரம்: கைப்பிடிக்குச் சிறிய ஊசி, இறுக்கமான பின்னல், இரட்டை நூல். இதுவும் பெரியம்மா வழி வந்த அறிவு.

அவ்வறிவு எவ்வழி இறங்குகிறது என்பதையும் நோக்குக. மட்டக்களப்பில் குடி தாய்வழி. வீடு மகளுக்குச் சேரும், கலியாணம் முடித்த ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போவான். கொழுக்கி ஊசியும் இதே சட்டப்படி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. பை மட்டும் வந்த மருமகன் கையில் கொடுக்கப்படுகிறது. பின்னுபவர் ஒருவர், தூக்குபவர் ஒருவர் என்ற இந்த வேலைப் பிரிவினை பின்னால் வரப்போகும் பெரிய விளைவுக்கு வித்து.

எதிரிகளைப் பற்றிச் சுருக்கமாக. முதல் எதிரி சொப்பின் பை. அரசு அதனோடு நடத்தும் போர் நீண்டது: 20 மைக்ரோனும் அதற்கு மெலிந்ததுமான பொலித்தீனுக்கு 2007 ஜனவரியில் தடை, 2017 செப்டெம்பரில் சாப்பாட்டுத் தாளோடு சேர்த்து ஒருவகைக் கடைப் பைகளுக்கும் தடை, 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடிப் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, விலை போட்டுப் பில்லில் காட்ட வேண்டும். இரண்டாம் எதிரி யூரியாப் பை. வாவியின் மேற்கே வயல் சார்ந்த படுவான்கரையில் கழுவித் தைத்த உரப்பைக்கு உள்ள மரியாதையை எந்த ஊல் பையும் இன்னும் பெறவில்லை. தண்ணீர் எளிதில் ஒழுகாது, நெல்லைத் தாங்கும், மழைக்குத் தலையில் போடலாம். இவ்வாய்வாளர் இங்கே தோல்வியை ஒப்புக்கொண்டு நகர்கிறார்.

டென்மார்க்கின் சுற்றாடல் முகமை 2018 இல் ஒரு கணக்குப் பார்த்தது. சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, எல்லாவகைச் சுற்றாடல் பாதிப்பிலும் ஈடுகட்ட வேண்டுமானால் பருத்திப் பையை 7,100 தடவை பாவிக்க வேண்டும். இயற்கை விவசாயப் பருத்தி என்றால் 20,000 தடவை. காலநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தால் 52, 149 என்று இறங்கிவிடுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று; ஆனால் பெரிய எண்தான் ஆய்வுக்கு அழகு. கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்குப் போகும் வீட்டுக்கு 20,000 தடவை என்பது 192 வருடம். அதாவது 1833 இல் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு கிழக்கு மாகாணம் பிறந்தபோது முதன்முதலாகச் சந்தைக்குப் போன பை, 2025 இல்தான் கடன் தீர்த்திருக்கும். மிச்ச நூல் பைக்கு இந்தக் கடன் கிடையாது. கடனெல்லாம் தொப்பியின் பேரிலும் தொலைக்காட்சி விரிப்பின் பேரிலும் ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. சுற்றாடல் கணக்கில் அது பெட்டிக்குள் கிடந்த குப்பை, பின்னிய கணமே இலாபம்.

இவ்வளவு சிறப்பிருந்தும் ஏன் பரவவில்லை? விலையும் உழைப்பும் என்பார் மறுக்கப்படுவர். நூல் சும்மா கிடைக்கிறது, உழைப்பு மாலை நேர நாடகத்தோடு போய்விடுகிறது. என் கருதுகோள் வேறு: சொப்பின் பையின் வெற்றிக்குக் காரணம் மலிவல்ல, மறைப்பு. பக்கங்களில் ஐந்தைந்து சங்கிலிக் கண்ணிக்கு ஒரு கொளுவல் என்று பின்னியதால், குரோசேப் பையில் விரல் புகும் ஓட்டைகள். வாங்கியது அத்தனையும் வீதிக்குத் தெரியும். முருங்கைக்காயும் கீரையும் மட்டும் என்றால், "விரதமா மனே?" பெரிய இறால் என்றால் கேள்வி நீளும்: "றாலா வாங்கின நீங்க? ஆரும் வந்திருக்காங்களோ?" மாதக் கடைசியில் வத்தாளங்கிழங்கு மட்டும் என்றால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் விடுவது அதைவிடக் கொடுமை. சாராயப் போத்தலுக்கு இந்தப் பை இடமே கொடாது. பத்திரிகைத் தாளில் சுற்றினால் சுற்றியது என்ன என்பது இன்னும் நன்றாகத் தெரியும். மருமக்கள் பலர் குரோசேப் பையை 'பொம்பிளைப் பிள்ளைகளின்ர சாமான்' என்று ஒதுக்குவதன் அழகியல் அடிப்படை இதுவே.

முன்பு நிலைமை இன்னும் கடுமையாக இருந்திருக்க வேண்டும். மண்முனைத் துறையில் பாலம் இல்லாத காலத்தில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைதான் ஓடியது. பாதையில் ஏறியவர்கள் வாவியைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் பையை ஒருவர் விட்டால் வேறு வழியில்லை. 2014 இல் பாலம் திறந்தது. மோட்டார் சைக்கிளில் விரைகிறவனின் பைக்குள் இருப்பது கெளுத்தியா மணலையா என்று எவரும் பிரித்தறிய இயலாது. பாலத்தால் வந்த நன்மைகளைப் பேசுவோர் பையைப் படிக்கும் கலைக்கு அது இழைத்த தீங்கைக் கணக்கில் எடுப்பதில்லை. அதேவேளை ஊல் பைக்கு அது பொற்காலத்தின் வாசலாகவும் இருக்கலாம்: வேகம் கூடக் கூட ஓட்டைகள் அடைபடுகின்றன.

நடைமுறையில் ஊர் ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறது. பச்சை மிளகாய் ஓட்டையால் நழுவும், மீன் ஒழுகும், ஆகையால் மீனும் மிளகாயும் தனித்தனிச் சொப்பின் பைகளில் கட்டப்பட்டு, அந்தச் சொப்பின் பைகள் ஊல் பைக்குள் வைக்கப்படுகின்றன. சுற்றாடலுக்கு ஒரு பை, மானத்துக்கு இரண்டு. மீன்காரரும் இதற்கு உடந்தை.

நண்டுக்கு மட்டும் இச்சமரசம் செல்லாது. பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த வாவி நண்டு ஒன்று, வெள்ளை அடுக்குக்கும் பச்சை அடுக்குக்கும் இடையே ஒரு கண்ணியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. நூலை வெட்டினால் அந்த இடத்தில் கண்ணிகள் உருவத் தொடங்கும். நண்டைத் தட்டினால் பிடி இறுகும். பெரியம்மா கூரிய கத்தியோடு வந்து முதுகில் ஒரு குத்துக் கொடுக்க, அது நண்டினம் ஆபத்தில் செய்வதைச் செய்தது: கொடுக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உடம்போடு அம்மிக்கு அடியில் ஓடியது. அடுத்த தோலுரிப்பில் அதற்குப் புதுக்கொடுக்கு முளைத்திருக்கும், அன்று மத்தியானம் அது குழம்பாகாதிருந்தால். கழன்ற கொடுக்கை யாரும் எடுக்கவில்லை. அது இப்போதும் பையில் இருக்கிறது, சந்தைக்கும் போய்வருகிறது. பின்னாளில் அகழ்ந்தெடுப்பவர்கள் அதை நைலோன் காலத்துச் சடங்குப் பொருளென்று வகைப்படுத்திவிடாதிருக்க, இங்கே திட்டவட்டமாக எழுதிவைக்கிறேன்: அது கறிக்கு வாங்கியது.