கராஜ் பொங்கல் அண்ணை

ஸ்காபரோவில் தெருவுக்கு ஒரு பொங்கல் அண்ணை இருப்பார். ஊரில் இருந்த காலத்தில், தைப்பொங்கலன்றுகூட வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் பாயைச் சுருட்டியவர். முற்றம் மெழுகியது அம்மா, அடுப்பு மூட்டியது அப்பா. அண்ணையின் பங்கு சீனவெடி கொளுத்துவதும் சாப்பிடுவதும். விமானம் ஏறியதும் தமிழ்ப் பண்பாடு முழுவதும் இவர் தலையில் பொறுத்துவிட்டது. 2016இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றபின் கேட்கவே வேண்டாம். தன்னைக் கேட்டுத்தான் தீர்மானம் போட்டார்கள் என்பது போல ஒரு நடை.

முதல் சிக்கல் நேரம். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம் காலை ஆறரைக்குப் பொங்கச் சொன்னால், ரொறன்ரோவில் அது முதல்நாள் இரவு எட்டு மணி. சூரியனுக்கான பொங்கலை இருட்டில் வைக்க முடியுமா? இங்கே தை பிறக்கும்போது சூரியனார் எழும்பவே எட்டு மணியாகும். முகிலைப் போர்த்திக்கொண்டு வராமலே விடும் நாளும் உண்டு. ஆகவே வாக்கியம், திருக்கணிதம் இரண்டையும் மூடிவைத்துவிட்டு, வேலைத்தலத்துச் சிப்ட் அட்டவணையைப் பார்த்து அண்ணை சுபநேரம் குறிப்பார்.

அடுத்தது இடம். குசினியில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் ஸ்மோக் அலாரம் அலறும். வெளியே மைனஸ் பதினைந்து; வெண்பனியில் மாக்கோலம் போட்டால் சூரியனுக்கே தெரியாது. மிஞ்சுவது கராஜ். கதவை முழுதாகத் திறந்து, வாசலோரம் காஸ் அடுப்பை வைத்து, பட்டு வேட்டிக்குள் தெர்மல் காற்சட்டையும் அதற்குக் கீழே பனிச் சப்பாத்துமாக அண்ணை காட்சி தருவார். ஊரில் உலக்கையை அணைகொடுத்துக் கோலத்துக்கு நேர்கோடு இழுப்பார்கள். இங்கே மகனின் ஹொக்கி மட்டை. "மாவைத் துடைச்சுத் தாங்கோ அப்பா" என்பதோடு மகன் நிறுத்திக்கொள்வான்.

நாலு லீற்றர் பால் மூன்று பைகளாக வரும் ஊர் இது. ஒரு பை பானைக்குள் போகும். கிழக்கு எது என்று போன் சொல்லும். பால் மேற்கே வழிந்தால் வருஷம் முழுக்க மனம் கிடந்து அடிக்குமே? அதற்காக அண்ணை அடுப்பின் மேற்குக் காலுக்கு ஏற்கெனவே ஒரு மட்டைத் துண்டு முண்டுகொடுத்திருப்பார். "பாத்தியளே, இந்த வருஷமும் கிழக்காலதான்!" என்பார். அண்ணையின் வீட்டுக்கார அக்கா மட்டைத் துண்டைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். விக்டோரியா தினமும் கனடா தினமும் தவிர்ந்த நாளில் வெடி கொளுத்த அனுமதி எடுக்க வேண்டும் என்பதால், போனில் பதிந்துவைத்த வெடிச்சத்தம் கேட்கும். அதற்கும் பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் கடமையைச் செய்யும். மறுநாள் பட்டிப்பொங்கலுக்கு, மாட்டுக்குப் பதில் வான் வண்டிக்குச் சந்தனம், குங்குமம்.

படையல் முடிந்ததும் வீடியோவில் அம்மாவைக் கூப்பிடுவார். அங்கே பொழுது பட்டிருக்கும்.

"அம்மா, நீங்கள் எப்பிடிப் பொங்கினனீங்கள்?"

"விறகுக்கு ஆர் தம்பி அலையிறது? குக்கரிலை வைச்சு மூண்டு விசிலிலை இறக்கிப்போட்டன்."

அண்ணையின் முகம் இருண்டுவிடும். "ஊரிலை பண்பாடு அழியுதப்பா. அடுத்த தைக்கு அம்மாவுக்கு விறகுக் காசு அனுப்ப வேணும்" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே காஸ் சிலிண்டரைத் திருகி மூடுவார்.