ஏழரை ரூபாய் வள்ளலுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை பொருந்திய வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, தமிழ்நாடு அரசு.

அனுப்புநர்: முற்றிலும் வேலையற்றோர், திண்ணனூர் நாடு, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

ஐயா / அம்மா,

மழை பொய்த்தாலும் பொய்க்காத தங்கள் காலாண்டுச் செய்திக்குறிப்பு இந்த முறையும் வந்து சேர்ந்தது. அது சொல்வது இதுதான்: படித்துவிட்டு வேலையின்றி இருப்பவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொரு சுய உறுதிமொழி ஆவணம் தர வேண்டும். அதாவது, பட்டம் வாங்கிய ஒருவர் வருஷா வருஷம் உட்கார்ந்து, ‘நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் கேட்டால் ‘பாத்துக்கிட்டிருக்கேன்’ என்று சொல்லித் தப்பிவிடலாம். அரசாங்கத்திடம் அந்தப் பேச்சு செல்லாது. எழுத்தில் வேண்டும், தேதி போட்டு வேண்டும். இவ்வளவு அக்கறையாக எங்கள் தோல்வியை ஆண்டுதோறும் விசாரிக்கிற வேறொருவர் இந்த மலையில் இல்லை என்பதால், நன்றி சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் தங்கள் கொடைத்திறத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுவது முறை. பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலைவாய்ப்பகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் கிடைக்கும். மூன்று ஆண்டுகள் கிடைக்கும். பட்டதாரி கணக்கையே எடுப்போம். மாதம் 600, ஆக 36 மாதத்துக்கு 21,600. ஆனால் அவர் வேலையில்லாமல் இருந்தது 36 மாதம் மட்டும் இல்லையே. காத்திருந்த ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் எட்டு ஆண்டுகள், 96 மாதங்கள். 21,600ஐ 96ஆல் வகுத்தால் மாதம் 225. அதை 30ஆல் வகுத்தால் நாளுக்கு ஏழரை ரூபாய். கூட்டியும் கழித்தும் பார்த்தோம், மாறவில்லை. ஏழரைதான். தமிழில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வேறுபாடு: சனி பகவான் ஏழரை ஆண்டில் எழுந்து போய்விடுவார். தங்கள் திட்டம் எட்டு ஆண்டு பிடிக்கிறது.

இந்த ஏழரையில் தொகையைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. பணம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அது வரும் நேரம்தான் பொறுக்க முடியாதது. வேலை போன வீட்டில் நெருக்கடி எப்போது வரும்? முதல் ஆறு மாதத்தில். கையில் இருக்கும் சொற்பச் சேமிப்பு அப்போதுதான் கரையும். வீட்டில் நகை இருந்தால் அப்போதுதான் அடகுக்கடைக்குப் போகும். நேர்காணலுக்குப் போகப் பஸ் காசு, நல்ல சட்டை, போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் தேவைப்படுவதும் அப்போதுதான். ஆறாவது ஆண்டில் அந்த வீடு எப்படியோ வாழப் பழகியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுத வேண்டும் என்பதால் போகாமல் இருக்கப் பழகியிருக்கும். காப்பிக்குப் பால் வாங்குவதை விட்டிருக்கும். ரேஷன் அரிசியும் குச்சிக்கிழங்கும் சாமைச் சோறும் மாறி மாறி வரும் சமையலுக்கு நாக்கைப் பழக்கியிருக்கும். பல்வலியை ஒத்திவைக்கவும் கண்ணாடியை ஒத்திவைக்கவும் கற்றிருக்கும். சிக்கனம் என்று இதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. சேமிப்பதற்கு வருமானம் வேண்டும். வருமானம் இல்லாதவர் செய்வது சேமிப்பு ஆகாது, அதற்குப் பெயர் தள்ளிப்போடுவது. தள்ளிப்போட்டதெல்லாம் பிறகு வட்டியோடு திரும்பி வரும்.

தொடக்க மாதங்களில்தான் உதவி வேண்டும் என்பது உலகம் அறிந்த உண்மை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952இல் நிறைவேற்றிய 102ஆம் உடன்படிக்கை, வேலை போனவருக்கு உதவி கொடுப்பதற்கு முன் முதல் ஏழு நாட்கள் காத்திருக்க வைக்கலாம் என்கிறது. ஏழு நாள். ஜெர்மனியில் வேலையிழந்தவருக்குக் காப்பீட்டிலிருந்து பழைய நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கிறது. அது வேலை போன தொடக்கக் காலத்துக்கானது. ஜெர்மனி பணக்கார நாடு, விட்டுவிடுவோம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் தொடங்கிய ‘யுவ நிதி’ திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டயம் படித்தவருக்கு 1,500, இரண்டு ஆண்டுகள் வரை. படிப்பு முடிந்து ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டால் போதும். அவர்கள் ஆறு மாதத்தில் கதவைத் திறக்கிறார்கள். தாங்கள் ஆறாவது ஆண்டில் திறக்கிறீர்கள். ஆறு என்ற எண்ணில் இரு மாநிலங்களுக்கும் ஒற்றுமை இருப்பது மகிழ்ச்சி.

600 ரூபாயின் வலிமையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. செல்போன் கம்பெனிகள் 2024 ஜூலையில் கட்டணத்தை ஏற்றிய பிறகு, 28 நாள் ரீசார்ஜுக்குச் சுமார் 300 ரூபாய் ஆகிறது. வேலை தேடுபவருக்குப் போன் ஆடம்பரம் இல்லை. தேர்வு அறிவிப்பு, ஓடிபி, நேர்காணல் அழைப்பு எல்லாம் அதில்தான் வருகின்றன. ஆக உதவித்தொகையில் பாதி, உதவித்தொகைக்குத் தகுதியோடு இருப்பதற்கே போய்விடுகிறது. மீதிப் பாதியில் சிலிண்டர் வாங்கலாமா என்றால், 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையிலேயே அதன் விலை 868 ரூபாய் 50 காசு. மொத்த 600ஐக் கொடுத்தாலும் முக்கால் சிலிண்டர்கூட வராது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாட்கூலி 336. இரண்டு நாள் மண் வெட்டினால் 672. ஒரு பட்டதாரியின் ஒரு மாத வேலையின்மையைவிட இரண்டு நாள் மண்வெட்டி 72 ரூபாய் அதிக மதிப்புடையது என்று அரசே விலைப்பட்டியல் போட்டுத் தந்திருக்கிறது.

அடுத்து, விதிமுறைகளின் அழகு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000ஐத் தாண்டக்கூடாது. ஒரு குடும்பம் அந்த 2025-26 கூலியில் நூறு நாள் வேலையை முழுதாகச் செய்து, கூலி முழுதாக வந்தால் (வந்தால் என்பதை அடிக்கோடிடவும்) 33,600. மிச்சம் 38,400. மிளகு கிலோ 640 என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடி நன்றாகக் காய்த்து, அறுபத்தோராவது கிலோவைத் தராசில் வைத்த நிமிடத்தில் அந்தக் குடும்பம் தங்கள் பார்வையில் வசதி படைத்ததாகிவிடுகிறது. அந்த மிளகைப் பறிக்கப் பட்டதாரிப் பிள்ளை கை கொடுக்கலாமா? விண்ணப்பதாரர் எந்த வேலையிலும் சுயதொழிலிலும் இல்லாமல், முற்றிலும் வேலையற்றவராக இருக்க வேண்டும் என்கிறது விதி. ‘முற்றிலும்’ என்ற சொல்லுக்காகவே இந்த விதியை எழுதியவருக்குச் சிலை வைக்கலாம். ஆனால் மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு வேறு பாட்டுப் பாடுகிறது. அதன் வாராந்திரக் கணக்குப்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவரும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஆகவே அப்பாவுக்காக ஒரு மணி நேரம் மிளகு பறித்தவர் தில்லிக்கு உழைப்பாளி, தங்களுக்குத் தகுதியற்றவர். இரண்டு அரசுகளிலும் வேலை இருப்பதாகக் கணக்கு. இரண்டு அரசுகளிடமிருந்தும் காசு இல்லை.

இரண்டு வேலைகளுக்கு இடையில் இருப்பவர் இந்தத் திட்டத்தின் கண்ணுக்கே தெரிவதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் ஆடிப்போயின. வேலை குறைந்து ஊருக்குத் திரும்பும் ஒருவருக்குத் தங்கள் திட்டத்தில் என்ன இடம்? நேற்றுவரை சம்பாதித்தவர் என்பதால் இடமில்லை. இனி ஐந்து ஆண்டுகள் துளியும் சம்பாதிக்காமல் இருந்தால் பரிசீலிப்பீர்கள். இடையில் மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டால் மூப்பும் போய்விடும். மீண்டும் ஏழரையின் முதல் நாள்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். சும்மா பணம் கொடுத்தால் இளைஞர்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது முதலாவது. நாளுக்கு ஏழரை ரூபாயில் சோம்பேறியாக இருக்க முடிந்தவரைக் கண்டுபிடித்தால், அவருக்கு நிதித்துறையில் வேலை கொடுங்கள். உண்மையில் சோம்பலைக் கட்டாயமாக்குவது தங்கள் விதிதான்: கிடைத்த சின்ன வேலையைச் செய்தால் தகுதி போகும், செய்யாமல் ஐந்தாண்டு உட்கார்ந்திருந்தால் தகுதி வரும். கஜானாவில் பணமில்லை என்பது இரண்டாவது. இதே அரசு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு இறங்கிய பிள்ளைகளுக்கு அது பெரிய துணை, மனமார வாழ்த்துகிறோம். அந்தப் பிள்ளை பட்டம் வாங்கிய மறு மாதம் அந்த 1,000 நின்றுவிடும். பிறகு ஐந்தாண்டு ஒன்றுமில்லை. அதன் பிறகு 600. படிக்கும்போது ஆயிரம், படித்து முடித்துக் கஷ்டப்பட்டால் அறுநூறு என்பதைக் கஜானாவின் பஞ்சம் என்று சொல்ல முடியாது. மலையில் என்ன செலவு, காற்றும் தண்ணீரும் இலவசம்தானே என்பது மூன்றாவது. நாமக்கல்லில் இருக்கும் தங்கள் வேலைவாய்ப்பு மையத்துக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்கிறீர்கள். சோளக்காட்டுக்கும் காரவள்ளிக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவுகள். போக 70, வர 70. காற்று இலவசம்; பஸ் இலவசமில்லை. ஒரு சான்றிதழ் குறைந்தால் அடுத்த முறை இன்னொரு 140.

நான்காவது மறுப்பு கொஞ்சம் நியாயமானது: வேலையே கொடுத்துவிட்டால் உதவித்தொகை எதற்கு? ஆகட்டும். 2025 ஜூலையில் நடந்த, அரசுப் பணிக்கான தொகுதி நான்கு தேர்வுக்கு அறிவிப்பில் 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முந்நூறுக்கும் அதிகமானோர். பதிவு மூப்பு என்று ஒரு காலத்தில் ஊரே பயபக்தியோடு உச்சரித்த சொல்லின் கதை தங்களுக்கே தெரியும். வேலைவாய்ப்பகம் அனுப்பும் பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது, பொது விளம்பரமும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. பதிவு அட்டைக்கு வேலை தரும் சக்தி போய்விட்டது. அதன் பிறகும் அந்த அட்டையைக் காட்டி ஐந்தாண்டு காத்திரு என்பது, ரயில் நின்றுபோன நிலையத்தில் டிக்கெட் விற்பது.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கிய பெண்ணை இருபத்தாறு வரை ஒரு காசு கொடுக்காமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகு 600 ரூபாயைக் கையில் திணித்து, அதற்கும் வருஷா வருஷம் கையெழுத்து வாங்குவது உதவி ஆகாது. அது அவமதிப்பு. அதில் ஒரு ரூபாய்க்குக்கூடத் தங்களுக்கு வெட்கமில்லை. பொறியியலும் விவசாயமும் சட்டமும் படித்தவர்களுக்கு இந்த 600கூட இல்லை. அவர்களுக்கு வேலை கிடைக்காமல் போகாது என்று எந்த ஊரைப் பார்த்து எழுதினீர்கள்?

மன்னிக்கவும். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மலையில் எதிரொலி அதிகம். வள்ளல்களைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணில் ஒரு எச்சரிக்கை வேண்டும். இது கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடி மாதம் அரசே அவருக்கு விழா எடுக்கிறது. ஓரியிடம் போன பாணர்களிடம் ஐந்தாண்டுப் பதிவு மூப்பும் வருமானச் சான்றும் கேட்டதாகப் புறநானூற்றில் எங்கும் இல்லை. கேட்டிருந்தால் அவர் கடையெழுவரில் ஏழாவதாகக்கூட வந்திருக்க மாட்டார். ஏழரையாவதாக வந்திருப்பார்.

ஆகவே பணிவான வேண்டுகோள்கள் நான்கு. ஐந்தாண்டுக் காத்திருப்பை ஆறு மாதமாக்குங்கள். தொகையைக் குறைந்தபட்சம் கல்லூரிப் பிள்ளைக்குத் தரும் ஆயிரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வேலைகளுக்கு இடையில் நிற்பவரையும், அப்பாவின் தோட்டத்தில் கை கொடுப்பவரையும் தகுதியுள்ளவர் என்று எழுதுங்கள். காலாண்டுக்கு ஒரு நாள் செம்மேட்டில் முகாம் போடுங்கள். 140 வளைவுகளை ஒரு முறை தாங்கள் கடந்தால் போதும். கடைசியாக, சுய உறுதிமொழி என்பது நல்ல பழக்கம். அதை எங்களோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த ஆண்டு இந்த மலையில் எத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தோம் என்று தாங்களும் ஆண்டுக்கொரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். இங்கே எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறோம்.