கூரையை விட்டுவிட்டுக் கட்டணத்தை ஏற்றுவது எப்படி?

போக்குவரத்துத் துறையில் புதிதாக நாற்காலி பிடித்திருக்கிறீர்களா? பதறாதீர்கள். உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பாதி வேலையை முடித்தே வைத்திருக்கிறார்கள்.

1. ஒரு கட்டடம் கட்டுங்கள். கல்வெட்டில் பெயர் பெரிதாக இருக்கட்டும். ரிப்பன் வெட்டிய மறுநாளே பூட்டுங்கள். 2015 ஆகஸ்டில் ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் தொடங்கிவைத்த தாய்ப்பாலூட்டும் அறை ஞாபகம் இருக்கிறதா? துடைப்பமும் பினாயில் வாளியும் வைக்க அளவெடுத்தாற்போல் இருக்கும்.

2. சாவியைத் தொலையுங்கள்.

3. பராமரிப்பைச் சீமைக்கருவேலத்திடம் ஒப்படையுங்கள். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்தாலும் அது பொய்க்காது, டெண்டரும் கேட்காது. நாலைந்து வருஷத்தில் கட்டடமே கண்ணுக்குத் தெரியாது. தெரியாத கட்டடத்துக்கு மராமத்து எதற்கு?

4. மனு வந்தால் மகிழுங்கள். பேருந்து நிலையம் பேரூராட்சியுடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது என்று சொல்லி அங்கும் இங்கும் அனுப்புங்கள். அருப்புக்கோட்டை வெயிலில் மூன்றாம் நடைக்கு எவரும் வரமாட்டார்.

5. இப்போது கட்டணம். புறநகர் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 28 காசாக இருந்ததை 2011 நவம்பரில் 42 ஆக்கினார்கள். 2018இல் 60. இன்று அறிவியுங்கள், நாளைக் காலை வசூலியுங்கள். நடுவில் ஒரு ராத்திரிதான் இருக்க வேண்டும். மக்கள் தூங்கும் நேரம் அது.

6. தூங்குகிறவர்கள் உங்கள் ஊழியர்களாகவும் இருக்கலாம். 2017 அக்டோபர் 20 அதிகாலை, அன்றைய நாகை மாவட்டம் பொறையாறு பணிமனையில் ஓய்வறைக் கூரை இடிந்து, படுத்திருந்த தொழிலாளர்கள் 8 பேர் இறந்தார்கள். இரங்கல் தெரிவியுங்கள், கூரையின் வயதை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பிறகு மூன்று மாதம் பொறுங்கள். 2018 கட்டண உயர்வு நடைமுறைக்கு வந்தது ஜனவரி 20. தேதிகூடப் பிசகவில்லை பாருங்கள்.

7. மாணவர்கள் தெருவுக்கு வந்தால் மனம் இரங்குங்கள், 2 காசு அளவுக்கு. அன்றும் பத்து நாளுக்குள் 60ஐ 58 ஆக்கினார்கள். காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பயணிக்கு மிச்சம் 60 காசு. அதையும் கேட்டு யாராவது நின்றால், சில்லறை இல்லை என்று நடத்துநர் சொல்லிக்கொள்வார். ராத்திரி அவர் எந்தக் கூரையின் கீழ் படுக்கிறார் என்று நீங்கள் கேட்டுவைக்காதீர்கள்.