வட்டு விடைபெறு படலம்

மேசைக் கணினியின் பெட்டிக்குள் நிலையாகக் குடியிருக்கும் வன்தட்டு உட்சேமிப்பகம் எனப்படும்; வெளியிலிருந்து வந்து, ஒரு கேபிளின் வழியே கணினியோடு இணைந்து, வேலை முடிந்ததும் பிரிந்து செல்லும் வன்தட்டோ புறச் சேமிப்பகம் எனப்படும். நூல்வழக்கு இவ்வாறிருக்க, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிப் பக்கத்தில், கல்யாண வீடியோ எடுப்பவர்களும், அவர்களிடம் மாதக்கணக்கில் நடையாய் நடந்து அதைப் பெற்றுக்கொண்ட பெண்வீட்டாரும் இதனை ‘எக்ஸ்டர்னல்’ என்று சுருக்கமாகச் சுட்டுவர். இதனைக் கணினியோடு இணைப்பது எவ்வாறு என்று கற்பிக்கத் தெருவுக்கு நால்வர் முன்வருகின்றனர். பிரிப்பது எவ்வாறு என்று கற்பிப்பவரோ அரியர். இணைத்தவர் எல்லாரும் என்றேனும் பிரித்தே ஆக வேண்டும் என்பதால், இரண்டையும் சேர்த்து ஆராய்வதே முறையாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏலாக்குறிச்சியை நிலைக்களனாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூர் ஒன்றியத்தில் உள்ள இவ்வூரில் நெடுங்காலம் பணியாற்றி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அப்பெயரில் ஒரு கலம்பகமும் பாடியவர், இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழரால் வீரமாமுனிவர் என்று அழைக்கப்பெற்ற பெஸ்கி பாதிரியார் ஆவார். அவர் 1732இல் ‘சதுரகராதி’யைத் தொகுத்துத் தரும்வரை, சொற்பொருள் அறிய விரும்பிய தமிழ் மாணவன் நிகண்டுச் செய்யுள்களை நெட்டுருச் செய்தாக வேண்டியிருந்தது, அதாவது சேமிப்பகம் மண்டைக்குள் இருந்தது, அதன் கொள்ளளவு மாணவனுக்கு மாணவன் வேறுபட்டது, சேமித்ததை மீட்டெடுக்கும் கருவியாக ஆசிரியரின் பிரம்பு பயன்பட்டது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைத்து, சொற்களை அகர வரிசையில் நிறுத்தி, மனப்பாடம் செய்யாதவனும் வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்னும் நிலையை முனிவர் உண்டாக்கினார். மண்டைக்குள் இருந்ததை வெளியே எடுத்து வைத்த இச்செயலைப் புறச் சேமிப்பகத்தின் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு தொடக்கமாகக் கொள்வதற்குக் கணினிப் பொறியாளர்கள் மறுப்புத் தெரிவிக்கக்கூடும். ஆயினும் மறுப்பதற்கு முன் அவர்கள் ஒரு நிகண்டையேனும் நெட்டுருச் செய்து காட்ட வேண்டும்.

இனி இணைக்கும் முறை. மடிக்கணினியின் போர்ட், அதாவது கேபிளின் முனையைச் செருகும் துளை, பயன்படுத்துவோரின் கைக்கு எட்டும் பக்கத்திலேயே இருக்கும். மேசைக் கணினிக்கோ அத்துளைகள் முன்பக்கமும் பின்பக்கமும் அமைந்திருக்க, அவற்றுள் நம்பத்தக்கவை அனைத்தும் பின்பக்கத்தில், சுவரை நோக்கியபடி உள்ளன. பின்பக்கத்துத் துளைகள் தாய்ப்பலகையில், அதாவது கணினியின் உறுப்புகள் யாவும் பொருத்தப்பட்டுள்ள முதன்மைப் பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கத்துத் துளைகளோ மெல்லிய உள்கேபிள் ஒன்றின் தயவில் வாழ்பவை என்பதோடு, மலிவான பெட்டிகளில் அக்கேபிள் இணைக்கப்படாமலேயே விடப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே அறிந்தோர் பின்பக்கத்தை நாடுகின்றனர். அவ்வாறு நாடுபவர், மக்கள் ‘சிபியு’ என்று தவறாகவும் உறுதியாகவும் வழங்கும் அப்பெட்டியை மேசைக்கடியிலிருந்து ஒரு முழம் இழுத்து, ஒட்டடையை விலக்கி, அங்கே குடியேறியுள்ள பல்லியின் ஒப்புதலைப் பெற்று, கைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்வியபடி தலைகீழாகக் குனிய வேண்டியுள்ளது. இந்நிலையில் வீட்டிலுள்ள ஏனையோர் வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று வினவுவதும், வாயில் கைபேசி இருப்பதால் விடை வராமற்போக, அதை அலட்சியம் என்று அவர்கள் பொருள் கொள்வதும் இயல்பாக நிகழ்வன.

துளையைக் கண்டபின் செருகும் திசை பற்றிய ஐயம் எழுகிறது. யுஎஸ்பி என்பது, முன்னர் அச்சுப்பொறிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று என்றிருந்த பல்வேறு இணைப்புகளை ஒழித்து, எல்லாவற்றுக்கும் ஒரே வகை இணைப்பு என்று 1996இல் வெளியிடப்பட்ட தர வரையறை ஆகும். இதனை உருவாக்கிய இன்டெல் நிறுவனக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் குஜராத்தின் வதோதராவில் படித்த அஜய் பட். இருபுறமும் செருகத்தக்கதாக இதை அமைத்திருந்தால் கம்பிகளும் சுற்றுகளும் இரட்டித்து விலையும் இரட்டித்திருக்கும் என்று அவர் பின்னாளில் விளக்கியுள்ளார். அச்செலவு மிச்சமானது உண்மையே. ஆயினும் உலகெங்கும் மேசைகளுக்கடியில் குனிந்திருந்தோரின் முதுகுவலித் தைலச் செலவு அக்கணக்கில் சேர்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. செருகியின் மேற்புறத்தில் திரிசூலம் போன்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும், அது மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மேசைக் கணினியின் பெட்டி நின்ற நிலையில் இருப்பதால் துளைகள் பலவும் செங்குத்தாக அமைய, ‘மேல்’ என்பது இடமா வலமா என்னும் கேள்விக்கு விதியில் விடை கிடைப்பதில்லை. இருபுறமும் பொருந்தும் சி வகைச் செருகி 2014இல் வந்து இச்சிக்கலைத் தீர்த்தது. எனினும் ஊர்களில் மேசைக் கணினிகள் எளிதில் ஓய்வு பெறுவதில்லை என்பதால், பழைய துளையே இன்றும் ஆட்சி செலுத்துகிறது.

செருகிய பின் எழும் அடுத்த வினா மின்சாரம் பற்றியது. இரண்டரை அங்குல வட்டுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை அத்துளையிலிருந்தே பெற்றுக்கொள்கின்றன. மூன்றரை அங்குல வட்டுகள் 12 வோல்ட் வழங்கும் தனி அடாப்டரை எதிர்பார்ப்பவை. 2000ஆம் ஆண்டுத் தரமான யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியரும், 2008ஆம் ஆண்டுத் தரமான யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லியாம்பியரும் வழங்கக் கடமைப்பட்டவை. பின்னதன் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாக இருப்பது இரண்டையும் பிரித்தறிய உதவும். போதிய மின்சாரம் கிடைக்காத வட்டு ‘டிக், டிக்’ என்று ஒலியெழுப்பும். இவ்வொலியைக் கேட்டு, வட்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மகிழ்வோர் ஒரு சாரார். கெட்டுவிட்டது என்று ஒப்பாரி வைப்போர் மற்றொரு சாரார். அது பசி என்று கண்டு வேறு துளைக்கு மாற்றுவோர் மிகச் சிலரே.

வட்டு இணைந்ததும் விண்டோஸ் அதற்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகச் சூட்டும். ஏ, பி என்னும் முதலிரண்டு எழுத்துகளும் நெகிழ்வட்டு என்னும் ஃபிளாப்பிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பதாலும், அவை மறைந்து நெடுங்காலமாகியும் அவற்றின் இருக்கையில் அமர எவருக்கும் துணிவில்லை என்பதாலும், உள்வட்டு சி என்று தொடங்குகிறது. வெளியிலிருந்து வருவது அடுத்துக் காலியாக உள்ள எழுத்தைப் பெறுகிறது. நேற்று இ என்று அறியப்பட்ட வட்டு, இன்று தனக்கு முன் ஒரு பென் டிரைவ் வந்து அமர்ந்துவிட்டால் எஃப் ஆகிவிடும். அப்போது இ என்னும் முகவரியை நம்பித் திரையில் வைத்திருந்த குறுக்குவழி, ‘அவ்வாறு எதுவும் இல்லை’ என்று கையை விரிக்கும். எழுத்துக் குழப்பம் இவ்வூருக்குப் புதியதன்று. பண்டை எழுத்துமுறையில் குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெற்றும் நெடில்கள் புள்ளியின்றியும் நிற்க வேண்டும். ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டதால், குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனிக் கீற்றும் சுழியும் தந்து இவ்வல்லலைத் தீர்த்தவராகவும் வீரமாமுனிவரே போற்றப்படுகிறார். ஓலையைப் படித்த தமிழ்ப் புலவர் ஊகித்தார். கணினியோ ஒருபோதும் ஊகிப்பதில்லை. எனவே வட்டு மேலாண்மை என்னும் பகுதிக்குச் சென்று, வரிசையில் பிந்திய எழுத்தொன்றை வட்டுக்கு நிலையாக வழங்கிவிடுவது நலம்.

இவ்விடத்தில், வட்டு புதியதாயின், ஒரு மனவருத்தம் தவறாது தோன்றும். ஒரு டெராபைட் என்று பெட்டியில் அச்சிடப்பட்டு, அதற்கே விலையும் கொடுக்கப்பட்ட வட்டைத் திறந்தால், விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். ஏறத்தாழ 69 ஜிபியைக் கடைக்காரர் கைப்பற்றிக்கொண்டார் என்று கருதி, வட்டோடும் ரசீதோடும் பேருந்து ஏறியவர்கள் உண்டு. உண்மையில் உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி எண்ண, விண்டோஸ் 1024ஆல் வகுத்து எண்ணுகிறது; இரு தரப்புக்கும் வட்டு ஒன்றே, பைட்டுகளும் அவையே. ஆற்றைக் கடந்து கரையேறிய பரமார்த்த குருவின் சீடர்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஓர் ஆள் குறைந்ததாகக் கருதி அழுத கதையை எழுதியவரும் வீரமாமுனிவரே. 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறிய அக்கதையை, வன்தட்டு விற்போர் பெட்டிதோறும் வைத்துக் கொடுப்பார்களாயின் வாடிக்கையாளர் புகார்கள் பெரிதும் குறையும்.

அடுத்து வருவது கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு வட்டின் எப்பகுதியில் உள்ளது என்று குறித்துவைக்கும் பதிவேட்டு முறை. பழைய தொலைக்காட்சிப் பெட்டி முதல் கார் ஒலிப்பெட்டி வரை பலவும் படிக்கத்தக்கது என்பதால் ஃபேட்32 என்னும் முறை பலரால் விரும்பப்படுகிறது; ஆனால் 4 ஜிபியை எட்டிய எந்தத் தனிக் கோப்பையும் அது ஏற்பதில்லை. தமிழர் திருமணமோ நிச்சயதார்த்தத்தில் தொடங்கி, மாமன் சீர், முகூர்த்தம், பந்தி, மொய் என விரிந்து, பந்தியில் அமர்ந்த ஒவ்வொருவரும் வாயில் அப்பளத்தோடு கேமராவை நிமிர்ந்து பார்க்கும் காட்சியையும் உள்ளடக்கியதாதலின், அதன் காணொளி 4 ஜிபிக்குள் அடங்குவது அரிது. வட்டில் 900 ஜிபி காலியாகக் கிடக்க, கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுப்பதைக் கண்டு பெண்ணின் தந்தையார் வெகுளுவது நியாயமே. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு வட்டை மாற்றினால் இத்தடை நீங்கும். மாற்றுவதற்கு முன் அதிலுள்ளவற்றை வேறிடத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்பதை, மாற்றிய பிறகு நினைவுகூர்வதால் பயன் இல்லை.

இனி இவ்வாராய்ச்சியின் முடிமணியாகிய பிரித்தல். கணினி, தன்னிடம் எழுதக் கொடுத்ததை உடனுக்குடன் வட்டில் எழுதிவிடும் என்று கொள்ளற்க. சில வேளைகளில் அதனைத் தன் நினைவகத்தில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது எழுதும்; இது எழுத்துத் தேக்கம் எனப்படும். திரையில் பச்சைப்பட்டை நிறைந்து வேலை முடிந்தது என்று தோன்றினும், இறுதிப் பகுதி இன்னும் நினைவகத்திலேயே இருக்கலாம். ஆதலின், பிரிப்பதற்கு முன் ‘பாதுகாப்பாக நீக்குக’ என்னும் கட்டளையின் வழியே கணினிக்குத் தெரிவித்து, அது இசைவளித்த பின்னரே கேபிளைக் கழற்ற வேண்டும். விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், இத்தேக்கம் புற வட்டுகளுக்கு இயல்பாகவே தவிர்க்கப்பட்டுள்ளது என்பது உண்மை. எனினும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் காப்பாற்றும் பதிப்பு எதுவும் இதுவரை வெளிவரவில்லை.

இங்கேதான் ஆய்வாளரைத் திகைக்கச் செய்யும் முரண் ஒன்று எதிர்ப்படுகிறது. தமிழர் ஒரு வீட்டிலிருந்து புறப்படும்போது, ‘போயிட்டு வரேன்’ என்று கூடத்தில் ஒரு முறையும், அடுக்களை நோக்கி ஒரு முறையும், வாசலில் ஒரு முறையும் சொல்லி, பின்னர்ச் செருப்பை மாட்டியபடி அரைமணி நேரம் பேசிவிட்டே அகல்பவர். சொல்லாமற் போனவரைப் பற்றி அவ்வீட்டில் பத்தாண்டுகள் பேசுவர். அத்தகையவரே வட்டை மட்டும் ஒரு சொல்லும் சொல்லாமல் வெடுக்கென்று பிடுங்குகின்றனர். சொல்லிப் பார்த்தவர்களுக்கும் கசப்பான பட்டறிவு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை: சாதனம் பயன்பாட்டில் உள்ளது, பிறகு முயல்க என்று கணினி கூறுமேயன்றி, யாருடைய பயன்பாட்டில் என்பதைக் கூறாது. திறந்தபடி மறந்த கோப்புறையோ, பின்னணியில் துழாவும் நச்சுநிரல் எதிர்ப்பியோ காரணமாக இருக்கலாம். இரண்டும் இல்லையெனில் கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பிரிப்பதே எஞ்சிய வழி.

பிரிப்பதற்கு முன் அறிவிக்கும் ஒழுக்கத்தை அரசிடமிருந்து கற்கலாம். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் இணைந்தது. 2007இல் மீண்டும் பிரிந்தது. ஏலாக்குறிச்சிவாசி, திண்ணையை விட்டு அசையாமலேயே, பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறினார். இத்தனை இணைப்பு பிரிப்புகளுக்கு இடையிலும் ஒவ்வொரு முறையும் அரசாணை முன்னே வந்தது, மாற்றம் பின்னே வந்தது. ஒரு மாவட்டத்தையே அறிவித்துவிட்டுப் பிரிக்கும் நாட்டில், ஒரு வட்டை அறிவிக்காமல் பிடுங்குவதற்கு நியாயம் இல்லை.

முறைப்படி விடைபெற்ற வட்டும் என்றேனும் கைவிடும் என்பதை இறுதியாகச் சொல்ல வேண்டும். ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது என்று அறிந்த முன்னோர், அது சிதையும் முன்பே புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வைத்தனர். பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் பிழைத்தன, ஒற்றைப் பிரதியாகப் பரணில் கிடந்தவை கரையானுக்கு உணவாயின. வன்தட்டின் ஆயுளோ நூற்றாண்டுகளில் அன்று, ஆண்டுகளில் எண்ணத்தக்கது. கணினியில் இருந்ததை எக்ஸ்டர்னலுக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்துவிடுபவர், சேமிப்பகத்தை இடம் மாற்றினாரேயன்றிப் பாதுகாத்தார் அல்லர். ஆகவே கல்யாண வீடியோ உள்ள வட்டு ஒன்று வீட்டுப் பீரோவிலும், அதன் இரண்டாம் படி சம்பந்தி வீட்டிலும் இருப்பது உத்தமம். யார் எவ்வளவு சீர் வைத்தார்கள் என்பதற்கான அசைக்க முடியாத சான்று அதில் அடங்கியிருப்பதால், சம்பந்தி வீட்டார் எக்காரணம் கொண்டும் அதனைத் தொலைக்கமாட்டார்கள்.