பூட்டு கேட்கும் 48 எண்கள்

கேள்வி: அப்டேட் முடிந்து லேப்டாப்பைத் திறந்தால், பாஸ்வேர்டு கேட்காமல் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. சொந்தக்காரியையே வெளியே நிறுத்துவது என்ன பாதுகாப்பு?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கணினிக்கு ஆளைத் தெரியாதம்மா, சாவியைத்தான் தெரியும்! இது விண்டோஸின் பிட்லாக்கர். வட்டு முழுவதையும் மறையாக்கிவிட்டு, சாவியை டிபிஎம் என்ற சில்லின் காவலில் வைக்கிறது. கணினியைத் துவக்கும் பயாஸ் மென்பொருளின் அப்டேட் போன்ற மாற்றம் நேர்ந்தால் அந்தச் சில்லு சந்தேகப்பட்டுச் சாவியைத் தர மறுக்கும்; அப்போது மாற்றுச் சாவியாக அந்த 48 இலக்க எண்ணைக் கணினி கேட்கும். திருடன் வட்டைக் கழற்றிச் சென்றாலும் உங்கள் ஒரு புகைப்படம்கூட அவனுக்குக் கிடைக்காது.

கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த மாற்றுச் சாவி அங்கே இருக்கும். எங்கும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்க முடியாது.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் பிழையால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பிட்லாக்கர் பூட்டிய கணினிகள் பலவற்றைச் சரிசெய்ய இதே 48 எண்கள்தான் தேவைப்பட்டன.

கேள்வி: எங்கள் பள்ளி லினக்ஸ் கணினியில் பாஸ்வேர்டு மறந்துபோனால்?
– ஆசிரியர், மறையூர்

பதில்: கேரளப் பள்ளிகளுக்கு மாநில அரசின் ‘கைட்’ நிறுவனம் தரும் இயங்குதளம் உபுண்டு வழி வந்தது, ஐயா. வட்டு மறையாக்கப்படவில்லை என்றால், ரெக்கவரி மோடில் புதிய பாஸ்வேர்டு வைத்துவிடலாம். உங்களுக்கு எளிது; அறைக்குள் வரும் எவருக்கும் அதே அளவு எளிது! மாணவர் விவரங்கள் உள்ள கணினியை மறையாக்குங்கள்.

இருவருக்கும் ஒரே வேண்டுகோள்: சாவியை இன்றே தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வையுங்கள்.