வெறும் டப்பா வாசல் தாண்டாது

டப்பா அக்காவை உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். போன தீபாவளிக்கு அவள் அனுப்பிய நெய் உருண்டை டப்பா இன்னும் உங்கள் அலமாரியில்தான் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே என்ன போடுவது என்று முடிவாகாமல்.

எங்கள் அக்கா இருப்பது மலாக்காவில், ஆயர் குரோவுக்கும் டுரியான் துங்காலுக்கும் நடுவில் ஒரு தாமான் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம். பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்துகொண்டு வந்த குடும்பம். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே பலகைச் சுவர் ஒன்றுதான். இங்கே கருவாடு பொரிந்தால் அங்கே மூக்குக்குத் தெரிந்துவிடும். மூக்குக்குத் தெரிந்தது நாக்குக்கும் போயாக வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். கிண்ணம் போகும், திரும்பி வரும்போது ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். தோட்டம் போய்விட்டது. சட்டம் மட்டும் அக்காவோடு லாரியில் ஏறி வந்துவிட்டது.

அவளிடம் டப்பாக்கள் மூன்று தரம். எவர்சில்வர், சம்பந்தி வீட்டுக்கு. மூடி இறுகப் பிடிக்கும் நல்ல பிளாஸ்டிக், நாணயமானவர்களுக்கு. காலி ஐஸ்கிரீம் டப்பா, திருப்பித் தருவார்களோ மாட்டார்களோ என்று சந்தேகத்துக்கு இடமானவர்களுக்கு. பதினொரு வருஷப் பழக்கத்தில் எனக்கு வருவது ஐஸ்கிரீம் டப்பாதான். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி. எந்த டப்பா எந்த வீட்டில் எத்தனை நாளாய் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பேத்தியின் பிறந்தநாள் மறந்துவிடும், அது வேறு விஷயம்.

எதிர்வீட்டு மலாய் மக்சிக் நோன்பு மாதத்தில் கஞ்சி அனுப்பினால், அந்தப் பாத்திரம் அன்று இரவே கேசரியோடு திரும்பும். சீனப் புத்தாண்டுக்கு மூலை வீட்டுக்காரர் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்தால், முறைப்படி வேறு இரண்டு ஆரஞ்சைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அக்கா அதோடு ஒரு பை முருங்கைக்காயும் கொடுப்பாள். அவர் வீட்டில் முருங்கைக்காயை யாரும் சாப்பிடுவதில்லை. அதைப் பற்றி அக்காவுக்குக் கவலையுமில்லை.

இந்தப் போர்க்களத்துக்குள் ஒரு ஜப்பானியத் தம்பதி குடிவந்தது.

மலாக்காவில் ஜப்பானியரைப் பார்ப்பது அதிசயமில்லை. அலோர் காஜா பக்கம் பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார் ஆலை ஓடுகிறது. வேறு ஆலைகளும் உண்டு. பொறியாளர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு வந்து போவார்கள். நம்மில் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் ஊரில் தலைகீழ். புதிதாய் வருகிறவர்கள்தான் எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று கணக்குப் பண்ணி, துண்டோ சவர்க்காரமோ சின்னதாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தலைகுனிந்து வணங்கிவிட்டு வர வேண்டும்.

அப்படித்தான் அந்த அம்மாள் ஒரு சனிக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பொட்டலம். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். "பெரிதாய் ஒன்றுமில்லை, அற்பப் பொருள்தான்" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அப்படியே தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

"அற்பப் பொருள்னா ஏன் தம்பி கொண்டாந்து குடுக்குறா?"

பதினொரு வகை சமைத்து வைத்துவிட்டு "ஒண்ணும் பிரமாதமா செய்யல, இருக்கறத சாப்பிடுங்க" என்பாளே இதே அக்கா, அந்த மாதிரிதான் இதுவும் என்று விளக்கினேன். காதில் விழவில்லை. அவள் கண் பொட்டலத்தின் மேல். மூன்று சுற்றுக் காகிதம், ஓர் இடத்தில்கூட பசை வழியவில்லை, மூலைகள் கத்தி மாதிரி. உள்ளே ஒரு முகம் துடைக்கும் துண்டு. அக்கா துண்டை ஓரமாய் வைத்துவிட்டுக் காகிதத்தை நீவி நீவி மடித்து சாமி மேடைக்குக் கீழே வைத்தாள். கொடுக்கல் வாங்கலில் தன்னை ஒருத்தி முந்திவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். மத்தியானம் இருபது முறுக்கு போனது. அதுவும் எவர்சில்வர் சம்படத்தில். பதினொரு வருஷம் ஐஸ்கிரீம் டப்பா வாங்கியவன் வயிறு எரிந்ததா என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் நாள் சம்படம் திரும்பியது. வெறுமையாக அல்ல. ஜப்பானிலும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது, நாலு தாளாவது உள்ளே வைப்பார்களாம். நாம் சர்க்கரை போடுகிறோமே, அதே கதைதான். சம்படத்துக்குள் ஐந்து மாவுருண்டைகள். பிட்டால் உள்ளே இனிப்புப் பயறு. "அட, நம்ம சுசியன்!" என்றாள் அக்கா. எண்ணெயில் போடாத சுசியன் என்று ஒரு குறை மட்டும் சொன்னாள்.

வினை அங்கே ஆரம்பித்தது. வாங்கிய பரிசுக்குப் பதில் செய்யும்போது, அதன் பெறுமதியில் ஏறக்குறைய பாதிக்குச் செய்வது அவர்கள் முறை. கூடக் கொடுத்தால் முதலில் கொடுத்தவருக்குச் சங்கடம். நல்ல முறை, பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்து தேய்ந்து ஒருநாள் நின்றுவிடும். அக்காவின் முறை இரட்டிப்பு. அவள் பாதியாக்க இவள் இரட்டிப்பாக்க, கணக்கு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். உலகம் உள்ளளவும் முடியாது. நடுவில் ஒரு தடவை அக்கா நாலு அதிரசம் அனுப்பினாள். அவர்கள் மொழியில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பு, சீனர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று நான் சொல்லப் போக, மறுநாளே பரிகாரமாய் ஐம்பத்தொன்று போனது. மொய்க்கு ஐம்பத்தொரு வெள்ளி எழுதும் கைக்கு வேறு எண் தெரியாது.

ஒரு சம்பவத்தை மட்டும் என்னால் வேடிக்கையாய்ச் சொல்ல முடியவில்லை. அக்காவின் அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது; முன்கூடத்துக் கட்டிலில் படுத்திருப்பாள். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில், 1943-இல், அவளுடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ரயில் பாதைக்குப் போன ஆயிரக்கணக்கான தோட்டத்துத் தமிழர்களைப் போல அவரும் வரவில்லை. ஒருநாள் வாசலில் பேச்சுக் குரல் கேட்டுக் கிழவி கேட்டாள், "யாருடி அது?" ஜப்பான்காரம்மா என்றாள் அக்கா. "என்ன கொண்டாந்திருக்கா?" தேயிலை என்றாள். கிழவி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "எங்கப்பன எங்கன்னு கேளு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்கா உள்ளே போய் ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவைக் கொண்டாடக் கிளம்பாதீர்கள். முறுக்கு பிழிவது அக்கா இல்லை, மருமகள். தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வந்து, குளித்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, அடுப்படியில் உழக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுவாள். பேர் முழுக்க எண்ணுகிறவளுக்கு. மருமகள் ஒருநாள் என் மனைவியிடம் சொன்னாளாம்: "அந்த ஜப்பான்காரம்மா எப்பக்கா ஊருக்குப் போவாங்க?" இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வேறு வீட்டுக்குப் போகும் டப்பா நிறைய வேண்டும் என்று கவலைப்படுகிறவள், வீட்டிலிருப்பவள் கை ஓய்ந்ததா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

போன மார்ச்சில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு பெரிய பெட்டி வந்தது. மூன்று வருஷமாய்ப் போன டப்பாக்களில் கடைசி நேரம் வரை அங்கே தங்கிவிட்டவை எல்லாம், கழுவித் துடைத்து, மூடிக்கு மூடி பொருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றியிருந்தாள். உள்ளே ஒவ்வொரு தேயிலைப் பொட்டலம். அக்கா ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கவிழ்த்துப் புள்ளியைத் தேடினாள். ஒன்பது சரி. பத்தாவதில் புள்ளி இல்லை. நீல மூடி. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: நாலு வருஷத்துக்கு முன் வத்தக்குழம்பு போட்டு என் மனைவி அக்காவுக்கு அனுப்பி, பிறகு நாங்கள் தேடாத இடமில்லாத டப்பா அது.

நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அக்காவே அதில் ஒரு கிலோ பச்சரிசி மாவு போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து எனக்குப் பதவி உயர்வு என்று நினைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்புப் புள்ளி, ஈரம்கூடக் காயவில்லை.

டப்பாவை எப்போது திருப்பிக் கொடுப்பது, உள்ளே என்ன போடுவது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.