வேலிக்கு எத்தனை பேரு!

அந்தத் தாளையே காலையிலிருந்து முறைச்சுக்கிட்டு இருக்கியே பேராண்டி, எஸ்பிஎம் இங்கிலீஷுக்கா? சர்ரவுண்டுன்னு எழுதாதே, என்சர்க்கிள்னு எழுது, என்கம்பஸ்னு எழுதினா இன்னும் மார்க் கூடன்னு டியூஷன்ல சொல்லிட்டாங்களா? பாம்பாஸ்டிக் வர்ட்ஸா? நல்லா எழுது. தாத்தா தோட்டப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸோட சரி. எனக்கு என்ன தெரியும்?

ஆனாலும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. பெரட்டுக்களத்துல ஆள் நிறுத்துற மாதிரி பத்து வார்த்தையை வரிசையா நிறுத்தி, எல்லாம் ஒண்ணுதான்னு எழுதி வச்சிருக்கே. வேலியைப் போட்டவன் யாரு, உள்ள மாட்டினவன் யாரு, சாவி யாருகிட்ட இருக்கு? அதைக் கேக்காமலா வார்த்தையை எடுப்பே?

என்க்ளோஸ்னு மூணாவதா எழுதியிருக்கே பாரு, அதை நாங்க ஸ்பெல்லிங் தெரியாமலே படிச்சு முடிச்சோம். 1948 ஜூன்ல வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டான். 1950ல பிரிக்ஸ்னு ஒரு துரை வந்து திட்டம் போட்டாரு. காட்டோரத்துல குடியிருந்த சீனவங்க ஏறக்குறைய அஞ்சு லட்சம் பேரைப் புதுக்கிராமத்துல கொண்டுவந்து வச்சு, சுத்தி முள்கம்பி. நம்ம லயங்களையும் விடல. தள்ளித்தள்ளி இருந்த தோட்டத்து ஆளுங்களை ஒரே இடத்துல சேர்த்து அதுக்கும் வேலி. காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்டுக்குச் சோறு போயிடக் கூடாதாம்! பால்வெட்டுக்குப் போறவங்களைக் கேட்டுல நிறுத்தி, வாளியைக் கவுத்து, மடியைத் தடவிப் பாத்துத்தான் விடுவான். சில இடத்துல அரிசியே விக்க மாட்டாங்க, ஆக்கின சோறாத்தான் கிடைக்கும். ஏன்னு கேளு. சோறு சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போகும், காட்டுக்கு அனுப்பி என்ன பண்றது? சார்டின் டின் வாங்கினா கடைக்காரன் ஒரு ஓட்டை போட்டுத்தான் கையில குடுப்பான். அதையும் அன்னைக்கே தின்னு தீர்த்தாகணும். துரைமாருக்கு நம்ம வயித்து மேல அவ்வளவு அக்கறை.

ராத்திரியானா கர்ஃபியூ. அந்த வார்த்தை உன் தாள்ல இல்லையே! நேத்து நீ தூங்கினதும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு உன் தடிமனான டிக்ஷனரியை எழுத்துக்கூட்டிப் பாத்தேன். பழைய பிரெஞ்சுல 'நெருப்பை மூடு'ன்னு அர்த்தமாம். ராத்திரி மணி அடிச்சா அடுப்பை மூடிட்டுப் படுக்கணும், ஊர் தீப்பிடிக்கக் கூடாதுல்ல. எங்க லயத்துல அடுப்பு எப்பவோ அணைஞ்சிருக்கும், மூட வேண்டியிருந்தது வாயைத்தான்.

சரி, இப்ப இருக்கிற எடத்துக்கு வா. பெட்டாலிங் ஜெயாவும் ரப்பர் தோட்டந்தான், எஃபிங்ஹாம் எஸ்டேட். கோலாலம்பூர்ல ஜனம் நெருக்கி, 1950களோட தொடக்கத்துல மரத்தை வெட்டி ஊரு போட்டாங்க. 2006ல மாநகரமாவும் ஆக்கிட்டாங்க. மரம் போச்சு, வேலி எங்க போச்சு? உங்கப்பன் வாங்கியிருக்கிற தாமானைப் பாரு. முகப்புல தடுப்புக் கம்பு, ஜாகா கூண்டு, வீட்டுக்கு ஒரு கேட்டு, ஜன்னலுக்கு கிரில், கிரிலுக்கு ஒரு பூட்டு. பெத்த புள்ளையைப் பாக்க வந்தா, ஜாகா பையன் காடியை நிறுத்தி ஐசி கேக்கிறான், எந்த வீடுங்கிறான், என்ன விசயங்கிறான். டிபன் கேரியரைத் திறந்து பாக்கல, அவ்வளவுதான் பாக்கி. இதுக்கு உங்கப்பன் மாசாமாசம் வெள்ளி கட்டுறான்! எங்களையெல்லாம் ஓசியிலயே அடைச்சு வச்சாங்கடா.

நான் குறை சொல்லல. திருட்டுப் பயம் யாருக்கு இல்ல? ஆனா 2020ல கொரோனா வந்தப்ப பாத்தியா, ஏப்ரல்ல மஸ்ஜிட் இந்தியாவுல சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ரெண்டையும் முள்கம்பி போட்டுச் சுத்தினாங்க. மே மாசம் நம்ம பிஜே பழைய டவுன் பாசார் பக்கமே கம்பி வந்துடுச்சு. டிவியில மஸ்ஜிட் இந்தியாவைப் பாத்தப்ப 'நல்ல பாதுகாப்பு'ன்னான் உங்கப்பன். கம்பி நம்ம பக்கம் வந்ததும் 'இப்படி அடைச்சுட்டானே'ன்னான். கம்பி அதே கம்பிதான்டா. அடுத்தவனைச் சுத்தினா புரட்டெக்ட், நம்மளைச் சுத்தினா பிசீஜ். இதை உன் டியூஷன் வாத்தியாருகிட்ட சொல்லு, என் பேரைச் சொல்லாதே.

புகைமூட்டம் வந்தா பேப்பர்காரன் ஷ்ரௌட்னு போடுவான். அது பிணத்துக்குப் போத்துற துணி. 2005 ஆகஸ்ட்ல போர்ட் கிள்ளான்ல காத்துக் கணக்கு 500ஐத் தாண்டி அவசரநிலை போட்டாங்களே, அந்த ஒரு தடவை அவன் எழுதினது சரின்னு வச்சுக்கலாம்.

சர்ரவுண்டை மட்டும் சப்பை வார்த்தைன்னு தள்ளாதே. அதோட மூலம் லத்தீன்ல வெள்ளம் கரை மீறி வழியிறதாம். 'ரவுண்டு' மாதிரி காதுல விழுந்ததால பின்னால வட்டமாச்சு. 2021 டிசம்பர் வெள்ளத்துல தாமான் ஸ்ரீ மூடாவுல மாடியில ஏறி நின்னாங்களே நம்ம சனங்க, அவங்களுக்கு இந்த டிக்ஷனரியே வேண்டாம்.

இன்னொண்ணு. 1974 பிப்ரவரி 1ல சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குத் தூக்கிக் குடுத்துச்சு. எல்லையில, பெடரல் ஹைவேயில பெரிய வளைவும் கட்டி வச்சாங்க. இன்னைக்கும் அந்த ஊரைச் சுத்தி நாலா பக்கமும் சிலாங்கூர்தான் நிக்குது. பரீட்சையில அதுக்கு சர்ரவுண்டுன்னு எழுது. பாம்பாஸ்டிக்கா பிசீஜ்னு எழுதித் தொலைச்சே, பேப்பர் திருத்துறவர் போலீசுக்குப் போனைப் போடுவாரு.

போதும், தாளை மூடு. முனையில ஒட்டுக்கடை அக்கா நாசி லெமாக் வச்சிருப்பாங்க. உள்ள வாழையிலை, வெளிய பழுப்புத்தாள், சம்பல் ஒரு சொட்டு வெளிய வராது. ரெண்டு வாங்கிட்டு வா, முட்டை வச்சது. 'என்வலப் பண்ணுங்க'ன்னு போய் நிக்காதே, புங்குஸ்னு சொல்லு. திரும்பி வர்றப்ப ஐசி மறந்துடாதே, அந்த ஜாகா பையன் உன்னையும் உள்ள விட மாட்டான், நாசி லெமாக் ஆறிப்போயிடும்.